மாநகர் மன்றக் கூட்டத்துக்குப் போய் நாமே பேசலாமா?

பினாங்குத் தீவில் பாயான் பாரு பக்கம் ஒரு தாமானில் (வீடமைப்புப் பகுதியில்) குடியிருக்கும் தங்கச்சி ஒருவர் கேட்டிருந்தார்: "பிள்ளைகள் பள்ளிக்கு நடந்து போகிற ரோட்டில் ஒரு போங்கோலும் (வேகத்தடையும்) வரிக்குதிரைக் கோடும் வேண்டும். குடியிருப்பாளர் சங்கத்தில் பேசும்போது, 'மாநகர் மன்றக் கூட்டத்துக்கே நேரா போய் எழுந்து நின்னு பேசிட்டா வேலை முடிஞ்சிடும்'னு ஒருத்தர் சொன்னார். அப்படிப் பேச விடுவாங்களா அண்ணே? அங்க என்னதான் நடக்குது?"

போகலாம் தங்கச்சி. உட்கார்ந்து கேட்கலாம். ஆனால் எழுந்து பேச முடியாது. பேசுவதற்கான இடம் வேறு, அதற்கான நேரமும் வேறு. இதைத் தெரியாமல் எங்கள் தாமான் ஒருமுறை பெரிய வாய்ப்பைக் கோட்டை விட்டது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1976ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டம் (சட்டம் 171) என்று ஒன்று இருக்கிறது. தீபகற்பத்தில் எல்லா மாநகர் மன்றமும் நகராண்மைக் கழகமும் மாவட்ட மன்றமும் நடப்பது அதன்படிதான். அதன் 23ஆம் பிரிவு, மன்றத்தின் கூட்டங்கள் பொதுமக்களுக்கும் பத்திரிகையாளருக்கும் திறந்திருக்க வேண்டும் என்கிறது. கதவைச் சாத்த வேண்டுமானால் அந்தக் கூட்டத்திலேயே தீர்மானம் போட்டுத்தான் சாத்த வேண்டும். ஆக, பார்வையாளர் இருக்கை அவர்கள் நமக்குக் காட்டும் சலுகை இல்லை. சட்டம் கொடுத்தது. அந்தத் தைரியத்தோடு போங்கள்.

மன்றத்தின் அலுவலகங்கள் கொம்தார் கோபுரக் கட்டடத்தில் இருந்தாலும், முழு மன்றக் கூட்டம் நடப்பது பாடாங் கோத்தா லாமாவில், கடலைப் பார்த்தபடி நிற்கிற அந்த வெள்ளை மாநகர் மண்டபத்தில். 1903இல் கட்டிய கட்டடம். பிள்ளைகளைப் பட்டம் விட அந்தத் திடலுக்குக் கூட்டிப் போயிருப்பீர்கள், உள்ளே போயிருக்க மாட்டீர்கள். போவதற்கு முன் மன்றச் செயலாளர் அலுவலகத்துக்குப் போன் போட்டுத் தேதியை உறுதி செய்துகொள்ளுங்கள். பெயரைக் கொடுத்து, பார்வையாளராக வருகிறோம் என்று சொல்லிவிடுங்கள். மலாயில் "மெஸ்யுவாராட் மஜ்லிஸ் பெனுஹ்" என்று கேட்டால் உடனே புரிந்துகொள்வார்கள். அரசாங்கக் கட்டடம், சிலிப்பரும் அரைக்கால் சட்டையும் வேண்டாம்.

உள்ளே மேயர் தலைமை வகிப்பார். 10ஆம் பிரிவின்படி ஒரு மன்றத்தில் எட்டுக்குக் குறையாமல், 24க்கு மேல் போகாமல் உறுப்பினர்கள் இருக்கலாம். பினாங்குத் தீவில் முழு எண்ணிக்கையான 24 பேர். துறை இயக்குநர்கள் ஒரு பக்கம், செயலாளர் ஒரு பக்கம், பத்திரிகைக்காரர்கள் ஒரு மூலையில். நடப்பதெல்லாம் மலாயில். முதலில் மேயர் உரை. பிறகு போன கூட்டத்தின் குறிப்புகளை உறுதிப்படுத்துவார்கள். அதிலிருந்து எழும் விஷயங்கள், உறுப்பினர் கேள்விகள், தீர்மானங்கள், செயற்குழுக்களின் அறிக்கைகள் என்று போகும்.

இந்தச் செயற்குழு அறிக்கைகள் வருகிற நேரத்தைக் கவனியுங்கள். ஒரு குழுவின் பெயரைச் சொல்வார்கள், ஒருவர் முன்மொழிவார், ஒருவர் வழிமொழிவார், அடுத்த குழுவுக்குப் போய்விடுவார்கள். நான் முதல் முறை உட்கார்ந்திருந்தபோது எனக்கு நெஞ்சே அடைத்தது. ஒரு வட்டாரத்தின் லைசென்ஸ், ஒரு சந்தையின் வாடகை, ஒரு சாலையின் ஒருவழிப் போக்குவரத்து எல்லாம் நான் கண்ணாடியைத் துடைத்துப் போடுவதற்குள் முடிந்துவிட்டன. யாரும் வாதாடவில்லை. வாதாட வேண்டியவர்கள் முன்பே வாதாடி முடித்திருந்தார்கள் என்பது எனக்கு அப்போது தெரியாது.

முழு மன்றக் கூட்டம் பெரும்பாலும் முத்திரை குத்துகிற இடம். பேச்சு நடப்பது செயற்குழுக்களில். நிதி, லைசென்ஸ், போக்குவரத்து, சுகாதாரம் என்று துறைவாரியாகக் குழுக்கள் உண்டு. கட்டட, மேம்பாட்டு விண்ணப்பங்களுக்கு ஓஎஸ்சி என்று தனிக் குழு. 23ஆம் பிரிவு சொல்லும் திறந்த கதவு இந்தக் குழுக்களுக்குப் பொருந்தாது, குழுவே விரும்பித் திறந்தால்தான் உண்டு. உங்கள் போங்கோல் உயிர் பிழைப்பதும் சாவதும் அந்த மூடிய அறையில்தான். அந்த அறைக்குள் உங்களுக்குப் பதிலாகப் போவது உங்கள் காகிதம். காகிதம் நன்றாக இருக்க வேண்டும், நேரத்தோடு போக வேண்டும்.

எங்கள் கதையைச் சொல்கிறேன். பல வருஷத்துக்கு முன் எங்கள் தாமானுக்குப் பக்கத்துக் காலி நிலத்தில் ஒரு கட்டடம் வரப்போகிறது என்று பேச்சு. ஊரே கொதித்தது. கோயில் மண்டபத்தில் கூட்டம் போட்டோம், பதாகை எழுதினோம், முழு மன்றக் கூட்டம் எப்போது என்று விசாரித்து இருபது பேர் போய் உட்கார்ந்தோம். அன்றைக்கு அந்த விஷயம் நிகழ்ச்சி நிரலிலேயே இல்லை. பிறகுதான் தெரிந்தது, ஓஎஸ்சி குழு அதை முன்பே முடித்துவிட்டது. நகர், கிராமத் திட்டச் சட்டத்தின் (சட்டம் 172) 21ஆம் பிரிவு ஒரு வழி வைத்திருக்கிறது. உள்ளூர்த் திட்டம் இல்லாத பகுதியில் மேம்பாட்டு விண்ணப்பம் வந்தால் பக்கத்து நில உரிமையாளர்களுக்கு நோட்டீஸ் அனுப்ப வேண்டும், அவர்கள் 21 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் தரலாம், கேட்டால் நேரில் விசாரிப்பார்கள். எங்கள் வரிசையில் மூன்று வீட்டுக்கு அந்த நோட்டீஸ் வந்திருந்தது. ஒருவர் அதை வரிக் கடிதம் என்று நினைத்து டிராயரில் போட்டுவிட்டார். ஒருவர் வெளியூரில் இருந்தார். மூன்றாமவர் வீட்டுக்கு வந்த கடிதத்தைப் படித்தும் யாரிடம் சொல்வது என்று தெரியாமல் விட்டுவிட்டார். 21 நாள் ஓடிப்போயிற்று. நாங்கள் பதாகைக்குச் செலவழித்த நேரத்தில் பாதியை அந்த நோட்டீசுக்குக் கொடுத்திருந்தால் எங்களையும் அழைத்து விசாரித்திருப்பார்கள். இன்றைக்கும் அந்தக் கட்டடத்தைக் கடக்கும்போது எனக்கு மனசு வலிக்கும். அதற்குப் பிறகு எங்கள் சங்கத்தில் ஒரு பழக்கம் வைத்தோம்: மன்றத்திலிருந்து எந்தக் கடிதம் யார் வீட்டுக்கு வந்தாலும் படம் பிடித்து அன்றே குழுவில் போட வேண்டும். உங்கள் சங்கத்திலும் இதை முதல் வேலையாகச் செய்யுங்கள்.

இனி உங்கள் ரோட்டுக்கு வருவோம். எழுதுவதற்கு முன்னால், அது யாருடைய ரோடு என்று தெரிந்துகொள்ளுங்கள். கூட்டரசு சாலை என்றால் ஜேகேஆர், அதாவது பொதுப்பணித் துறை. தாமானின் உள்ரோடாக இருந்து, மேம்பாட்டாளர் இன்னும் மன்றத்திடம் ஒப்படைக்காமல் வைத்திருந்தால் மன்றம் அதில் கை வைக்கத் தயங்கும். பக்கத்து ரோட்டுக்குக் கிடைத்தது நமக்கு ஏன் கிடைக்கவில்லை என்கிற சண்டைகளில் நான் பார்த்த பாதி இதனால் வந்தவை. மன்றத்தின் பொறியியல் துறை கவுண்டரில் ரோட்டின் பெயரைச் சொல்லிக் கேட்டால் சொல்வார்கள். இதே போல மற்றதையும் பிரித்துத் தெரிந்து வையுங்கள். குப்பை பினாங்கில் மன்றத்தின் பொறுப்பு. கோலாலம்பூர் போலத் திடக்கழிவுச் சட்டத்தின் கீழ் பினாங்கு போகவில்லை. தண்ணீர்க் குழாய் பிபிஏ, கழிவுநீர் இண்டா வாட்டர், மின்சாரம் டிஎன்பி. தவறான கதவைத் தட்டி மூன்று மாதம் காத்திருந்துவிட்டு எல்லாரையும் திட்டுவதில் பயனில்லை.

மன்றத்து ரோடுதான் என்றால் உங்களுக்கு ஒரு கவுன்சிலர் வேண்டும். பினாங்கில் கவுன்சிலர்கள் மாநில அரசு நியமிப்பவர்கள், மூன்று ஆண்டுக்கு மிகாத தவணை, மறுபடியும் நியமிக்கலாம். பெரும்பாலும் கட்சிக்காரர்கள். 2008க்குப் பிறகு அரசு சாரா அமைப்புகளுக்கும் சில இடங்கள் ஒதுக்கினார்கள். உங்கள் தொகுதிச் சட்டமன்ற உறுப்பினரின் சேவை மையத்தில், உங்கள் வட்டாரத்தைக் கவனிக்கும் கவுன்சிலர் யார் என்று கேளுங்கள். கிடைத்ததும் போன் போட்டுப் புலம்பாதீர்கள், ரோட்டுக்கே வரச் சொல்லுங்கள். காலையில் பள்ளி தொடங்குகிற நேரத்தில் வரச் சொல்லுங்கள். பத்து மணிக்கு வந்து பார்த்தால் எந்த ரோடும் அமைதியாகத்தான் இருக்கும்.

முழு மன்றக் கூட்டத்தின் கடைசியில் ஒத்திவைப்பு உரை என்று ஒன்று உண்டு. ஒரு கவுன்சிலர் தன் வட்டாரத்துப் பிரச்சினையை எழுந்து சொல்கிற நேரம் அது. வாக்கெடுப்பு கிடையாது. ஆனாலும் நான் அந்தக் கூட்டத்தில் மிகவும் மதிப்பது அந்த அரைமணி நேரத்தைத்தான். அங்கேதான் அடைபட்ட கால்வாயும் எரியாத தெருவிளக்கும் அஞ்சடியில் (கடைகளுக்கு முன்னால் உள்ள நடைபாதையில்) நடக்க முடியாமல் பாட்டிமார் ரோட்டில் இறங்குவதும் பெயரோடு பேசப்படும். இயக்குநர்கள் முன்னால் உட்கார்ந்திருப்பார்கள், பத்திரிகைக்காரர்கள் எழுதிக்கொண்டிருப்பார்கள், பேசியது குறிப்பில் ஏறும். உங்கள் கவுன்சிலர் உங்கள் ரோட்டைப் பற்றி அங்கே பேச வேண்டுமென்றால், பேசுவதற்கான பொருளை நீங்கள்தான் அவர் கையில் கொடுக்க வேண்டும். அப்படிப் பேசுகிற நாளில் நீங்கள் நான்கைந்து பேர் பார்வையாளர் இருக்கையில் இருங்கள். வாயைத் திறக்க வேண்டாம். இருப்பதே போதும்.

கூட்டக் குறிப்புகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நம் ஆட்கள் இதைக் கேட்பதே இல்லை. மன்றக் கூட்டத்தின் குறிப்புகளை வரி செலுத்துபவர் பார்வையிடலாம், கட்டணம் கட்டிப் படியும் எடுத்துக்கொள்ளலாம் என்று சட்டத்திலேயே இருக்கிறது. உங்கள் விஷயம் பேசப்பட்ட மாதத்தின் குறிப்பைக் கையில் வைத்துக்கொண்டு, "இந்தத் தேதியில் துறை ஆய்வு செய்யும் என்று பதிவாகியிருக்கிறது, ஆய்வு முடிந்ததா?" என்று எழுதுகிற கடிதத்துக்குப் பதில் வரும். "எத்தனை தடவை சொல்வது" என்று எழுதுகிற கடிதம் கோப்பில் தூங்கும்.

வரி செலுத்துபவர் என்றேன். வீட்டு வரி, அதாவது மதிப்பீட்டு வரி, வருஷத்துக்கு இரண்டு தவணை: பிப்ரவரி கடைசிக்குள் ஒன்று, ஆகஸ்டு 31க்குள் ஒன்று. சட்டம் 171இன்படி அது ஆண்டு மதிப்பில் 35 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது, நடப்பில் அதற்கு எவ்வளவோ குறைவாகத்தான் வாங்குகிறார்கள். புது மதிப்புப் பட்டியல் போட்டு உங்கள் வீட்டு மதிப்பை உயர்த்தினால், திருத்தத்துக்குக் குறித்த நாளுக்கு 14 நாள் முன்னதாகவே எழுத்தில் ஆட்சேபம் கொடுக்கலாம். இதுவும் கோப்பிக் கடையில் பேசித் தீர்கிற விஷயமில்லை.

நம் ஆட்களுக்கு மன்றம் நினைவுக்கு வருவது தைப்பூசத்தின்போதுதான். தண்ணீர்மலைக்குப் போகிற வழியெல்லாம் தண்ணீர்ப் பந்தல் போட மன்றத்தின் அனுமதி வேண்டும். ரோடு மூடுவது, குப்பை அள்ளுவது, ஒலிபெருக்கிச் சத்தம் எல்லாவற்றுக்கும் முன்கூட்டியே கூட்டங்கள் நடக்கும். அந்த ஒரு மாதம் நம் சங்கங்கள் எவ்வளவு ஒழுங்காகக் கடிதம் எழுதுகின்றன, எவ்வளவு சரியாகக் கூட்டத்துக்குப் போகின்றன என்று பாருங்கள். அந்தத் திறமை நமக்கு இருக்கிறது. மீதி பதினொரு மாதம் அதைப் பெட்டியில் பூட்டி வைத்துவிடுகிறோம்.

இந்த மன்றத்தை நான் அந்நியமாகப் பார்க்காததற்குக் காரணம் இருக்கிறது. என் அப்பா முனிசிபலில் ரோடு கூட்டியவர். அந்தக் காலத்தில் இந்தத் தீவின் கால்வாயும் குப்பையும் தமிழர், தெலுங்கர் கைகளில்தான் சுத்தமாயின. 1957 ஜனவரி முதல் தேதி ஜார்ஜ்டவுன் மாநகரமானபோது அதன் முதல் மேயராக வந்தவர் தொழிற்கட்சியின் டி.எஸ். ராமநாதன். தேர்தலில் ஜெயித்து மன்றத்துக்கு வந்தவர். முன்பு ஸ்காட் ரோடு என்று இருந்த தெரு இன்று அவர் பெயரில் இருக்கிறது. தேர்தலில் ஓட்டுப் போட்டு வந்ததை அப்பா சாகும்வரை சொல்வார். அன்றைய மன்றம் மின்சாரம், தண்ணீர், பஸ் எல்லாவற்றையும் தானே நடத்தியது. அண்மைக் காலத்தில் ராஜேந்திரன் தீவின் மேயராக நியமிக்கப்பட்டபோது அப்பா இல்லையே என்று எனக்கு இருந்தது.

மலாயாவிலேயே முதன்முதலில், 1951 டிசம்பரில் நகராட்சித் தேர்தல் கண்ட ஊர் இது. 1965இல் இந்தோனேசியாவோடு மோதல் நடந்த காலத்தில் நாடு முழுவதும் உள்ளாட்சித் தேர்தலை நிறுத்திவைத்தார்கள். மன்றங்களின் செயல்பாட்டை ஆராய அதே ஆண்டு ஓர் ஆணையம் அமைந்தது. அதற்குத் தலைமை தாங்கியவர் செனட்டர் ஆதி நாகப்பன். 1968இல் அவருடைய ஆணையம் கொடுத்த அறிக்கை, தேர்தலை மறுபடியும் கொண்டுவர வேண்டும் என்றது. அரசாங்கம் அதை ஏற்கவில்லை. 1976இன் சட்டம் 171, தன் 15ஆம் பிரிவில் உள்ளாட்சித் தேர்தலுக்கு முடிவு கட்டியது. பினாங்கு அரசு 2012இல் தேர்தலுக்கென்று மாநிலச் சட்டமே இயற்றிப் பார்த்தது, 2014இல் கூட்டரசு நீதிமன்றத்தில் அது நிற்கவில்லை. ஆதி நாகப்பன் சொன்னது சரி என்பதுதான் என் எண்ணம். நம் ரோட்டைப் பற்றி முடிவெடுப்பவரை நாம் தேர்ந்தெடுக்க வேண்டும். அது நடக்கும் வரைக்கும், நியமித்தவர்கள்தானே என்று ஒதுங்கி நின்றால் நஷ்டம் நம் பிள்ளைகளுக்கு. ஓட்டு இல்லாததால்தான் கடிதமும் நோட்டீசும் பார்வையாளர் இருக்கையும் நமக்கு இவ்வளவு முக்கியமாகின்றன.

உங்களுக்குக் கோலாலம்பூரில் சொந்தம் இருந்தால், செந்தூலிலோ பிரிக்ஃபீல்ட்சிலோ இருப்பவர்களிடம் இதே வழியைச் சொல்லாதீர்கள். அங்கே கவுன்சிலர்களே கிடையாது. 1960ஆம் ஆண்டின் கூட்டரசுத் தலைநகர்ச் சட்டப்படி அதிகாரம் டத்தோ பண்டார், அதாவது மேயர், ஒருவரிடம் இருக்கிறது, பக்கத்தில் ஆலோசனை வாரியம் மட்டும். அங்கே நாடாளுமன்ற உறுப்பினரைத்தான் பிடிக்க வேண்டும். உங்கள் கடிதத்தைக் கையில் கொடுக்க உங்களுக்கு 24 கவுன்சிலர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு ஒருவரும் இல்லை.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். அடுத்த வாரம் ஐந்து பள்ளி நாளும் காலை ஆறே முக்காலிலிருந்து ஏழரை வரை இரண்டு பேர் அந்த இடத்தில் நின்று எண்ணுங்கள்: எத்தனை கார், எத்தனை மோட்டார், எத்தனை லாரி, எத்தனை பிள்ளைகள் கடந்தார்கள். நோட்டில் தேதி போட்டு எழுதுங்கள். பிள்ளைகளின் முகம் தெரியாமல் படம் எடுங்கள். போங்கோல் வருகிற இடத்துக்கு நேர் எதிரே இருக்கிற வீட்டுக்காரர்களிடம் இப்போதே கையெழுத்து வாங்கிவிடுங்கள். இராத்திரியெல்லாம் மோட்டார் ஏறி இறங்கும் சத்தம் அவர்கள் வீட்டுக்குத்தான் கேட்கும், நாளைக்கு ஆட்சேபிக்கப் போவதும் அவர்கள்தான். பள்ளித் தலைமையாசிரியரிடமும் பெற்றோர் ஆசிரியர் சங்கத்திடமும் ஆளுக்கொரு ஆதரவுக் கடிதம் வாங்குங்கள். எல்லாவற்றையும் சேர்த்து மலாயில் ஒரே பக்கத்தில் கடிதம், ரோட்டின் பெயர், சிறிய வரைபடம். ஒரு படி பொறியியல் துறைக்கு, ஒரு படி கவுன்சிலருக்கு, ஒரு படி சட்டமன்ற உறுப்பினருக்கு. உங்கள் படியில் "பெற்றுக்கொண்டோம்" என்று தேதி முத்திரை குத்தி வாங்காமல் கவுண்டரை விட்டு நகராதீர்கள்.

மலாய்க் கடிதம் எழுதச் சிரமமாக இருந்தால் நீங்கள் எழுதியதை எனக்கு அனுப்புங்கள், திருத்தித் தருகிறேன். எண்ணுகிற வாரத்தில் ஒரு நாள் காலையில் நானும் வந்து உங்களோடு நிற்கிறேன்.